நமக்கென்று ஓர் அணி

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் இரவு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. குமரிக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஆனால் அவற்றைவிட மிகுதியாக அன்று ஊரை நிறைத்திருந்தவை வெண்மையும் இளநீலமும் கோடிட்ட கொடிகளே. குருசடிக்கு எதிரே, மீன் ஏலக் கூடத்தின் கூரைமேல், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களின்மேல் என எங்கு நோக்கினும் அர்ஜென்டினா. எதிர்த்தெருவில் பிரேசிலின் மஞ்சள் கொடி, அவ்வணி காலிறுதியிலேயே வெளியேறிவிட்ட பின்னும் இறக்க மனமின்றித் தொங்கவிடப்பட்டிருந்தது. கத்தார் நாட்டின் லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்று, பின்னர் பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா 4-2 என வென்றபொழுது, எங்கள் கரையில் வெடித்த வெடிகளின் ஓசை அலையோசையையும் விஞ்சியது.

என் தங்கையின் பேரனுக்கு அப்பொழுது பதினொரு வயது. ஆரவாரம் அடங்கிய பின் அவன் என் அருகில் வந்து அமர்ந்தான்.

"தாத்தா, இந்தியா ஏன் இதுல ஆடல்ல?"

தகுதி பெறவில்லை என்றேன்.

"எப்பவாவது ஆடியிருக்கா?"

இல்லை என்றேன்.

அவன் சற்று நேரம் சிந்தித்தான். இந்திய அணியின் ஆட்டம் எதுவாயினும் நான் விடாமல் தொலைக்காட்சியின் முன் அமர்வதும், தோல்வி முகத்தோடு எழுவதும், வீட்டார் அதைச் சொல்லி நகைப்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே கேலி ஏதுமின்றி, உண்மையாகவே அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டான்:

"தோக்கிய டீமுக்கு ஆராவது கை தட்டுவாங்களா தாத்தா?"

அன்று என்னால் அவனுக்கு விடை கூற இயலவில்லை. 'நம் நாடு அல்லவா?' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆயின் அது விடையன்று; கேள்வியை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லுவதே ஆகும். நம்முடையது என்பதற்காகவே ஒன்றை நேசிக்கலாமா? நேசிக்கப்படுவதற்குத் தகுதி வேண்டாமா? இக்கேள்வி பந்தாட்டத்தோடு முடிந்துபோவதன்று. அதனால்தான் அது என்னை இத்தனை காலம் விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

வியப்பு வேறு, உறவு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. எங்கள் ஊர் இளைஞர் அர்ஜென்டினாவை நேசிப்பதில் தவறேதும் இல்லை. அழகு எங்கே தோன்றினாலும் அது மனிதர் அனைவருக்கும் உரியது. மெஸ்ஸி நான்கு பேரைக் கடந்து பந்தைக் கொண்டு செல்லும் அழகைக் கண்டு மகிழ அர்ஜென்டினாவில் பிறந்திருக்க வேண்டியதில்லை. நல்ல இசைக்கும் நல்ல சிற்பத்துக்கும் எல்லைக்கோடு இல்லாதது போலவே நல்ல ஆட்டத்துக்கும் இல்லை.

ஆயினும் வியப்பு வேறு, உறவு வேறு. வியப்பு சிறப்பைத் தேடிச் செல்வது. சிறப்புக் குறையும்பொழுது அது வேறிடம் நாடும். அது அதன் இயல்பு, குற்றமன்று. உறவோ அவ்வாறு இடம் பெயர்வதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிய எளியதொரு சோதனை உண்டு. 'நான் அங்கே இல்லாமற்போனால் எவருக்கேனும் அது தெரியுமா?' என்று கேட்டுப் பார்க்கலாம். நான் உறங்கிவிட்டாலும் லுசைல் அரங்கில் ஓர் ஒலிகூடக் குறைந்திராது. அந்த அணிக்கு என்னிடமிருந்து ஒன்றும் தேவையில்லை. நான் பெறுகிறேன், கொடுப்பதில்லை. ஆனால் கோயில் மைதானத்தில் எங்கள் ஊர் அணி ஆடும்பொழுது நான் இல்லாவிட்டால், மறுநாள் கடைத்தெருவில் ஒருவராவது 'நேற்று ஏன் காணவில்லை?' என்று கேட்பார்.

இந்திய அணி என்றுமே தோற்றுக்கொண்டிருந்ததும் இல்லை. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் பெற்ற அணி அது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 எனச் சமன் செய்தது. அதே ஒலிம்பிக்கில், பெரு நாட்டுக்கு எதிரான ஆட்டத்தில், தஞ்சையைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றளவும் அதுவே. 1962-இல் ஜகார்த்தாவில், ஏறத்தாழ அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம் பெற்றோம். அன்று கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்ட் வளர்த்தெடுத்த வீரர் அவர்.

இவற்றையெல்லாம் பேரனிடம் பெருமையோடு சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் இதுவும் அவன் கேள்விக்கு விடையாகாது என்பதைச் சொல்லும்பொழுதே உணர்ந்தேன். ஏனெனில் '1962-இல் வென்றார்கள், ஆகவே நேசிக்கிறேன்' என்பதும் வெற்றிக்குக் கொடுக்கும் விலையே. பழைய வெற்றி, புதிய வெற்றி என்ற வேறுபாடுதான் உண்டு. வென்றதே இல்லாத அணியை என்ன செய்வது? அதற்கு விடை தேடினால் நான் ஜகார்த்தாவுக்குப் போகக் கூடாது; என் ஊர் மைதானத்துக்கே திரும்பி வர வேண்டும்.

கோயில் மைதானத்தில் ஒரு மாலை

2017-ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 ஆகிய நாள்களில் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கலக்கியது. தூத்தூரும் வள்ளவிளையும் சின்னத்துறையும் நீரோடியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் எத்தனை பேரை இழந்தன என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். ஆழ்கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. சிலருடைய உடல்களும் கரை சேரவில்லை. எங்கள் ஊர் இழந்தவர்களுள் ஒருவர், ஊர் அணியின் கோல்கீப்பராக இருந்த இளைஞர்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் விளக்கும் இல்லை, வெடியும் இல்லை. ஆனால் 2018 மே மாதம் ஊர்த் திருவிழாவை ஒட்டிய பந்தாட்டப் போட்டியை நடத்துவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தபொழுது, இழந்த குடும்பத்தினரே நடத்தச் சொன்னார்கள். நான் அப்பொழுது மும்பையில் பணியில் இருந்தேன். விடுப்பில் ஊர் வந்திருந்ததால் அந்த ஆட்டத்தைக் காண நேர்ந்தது.

எங்கள் அணிக்குக் கோல்கீப்பர் இல்லை. பின்வரிசையில் ஆடும் ஒருவர், நாற்பதை நெருங்கியவர், கையுறை அணிந்து நின்றார். அவருக்குப் பந்தை உதைக்கத் தெரியும், பிடிக்கத் தெரியாது. எதிரணியோ பக்கத்து ஊரின் இளமையான அணி. இடைவேளைக்குள் நான்கு கோல்கள் வாங்கினோம்.

எங்கள் ஊரார் பொறுமைக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். முந்தைய ஆண்டுகளில் இப்படி நிகழ்ந்திருந்தால் நடுவரின் பாட்டனார்வரை வசைச்சொல் சென்றிருக்கும். பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்று ஒருவரும் எழவில்லை. ஒரு முறை, மெதுவாக உருண்டு வந்த எளிய பந்தொன்றை அந்தத் தற்காலிகக் கோல்கீப்பர் குனிந்து மார்போடு அணைத்துக்கொண்டார். மைதானம் முழுவதும் கைதட்டியது. எதிரணியின் ஊராரும் தட்டினார்கள். அவர்களும் அந்தக் கடலில் ஆள்களை இழந்தவர்களே.

அவ்வேளையில்தான் நான் ஒருவரைக் கவனித்தேன். இறந்த இளைஞரின் தந்தை. மகன் ஆடிய நாள்களில் அவர் எப்பொழுதும் மற்றவரோடு அமராமல், மகன் காக்கும் கோலின் பின்புறம் வலைக்கு அப்பால் தனியே நிற்பது வழக்கம். அன்றும் அதே இடத்தில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. அவர் மடித்துக் கட்டிய கைலியோடு, மைதானத்தின் ஓரமாக மெல்ல நடந்து, எங்கள் அணி இப்பொழுது காக்க வேண்டிய மறுமுனைக் கோலின் பின்னால் போய் நின்றார். ஆட்டம் 5-0 என முடியும்வரை அங்கேயே நின்றார்.

அவர் எதற்காக வந்தார்? வெற்றிக்காக அன்று, அது நான்காம் கோலோடு போய்விட்டது. அழகைக் காணவும் அன்று; அன்றைய ஆட்டத்தில் அழகு இல்லை. மகனுக்காக என்பதும் முழு விடையன்று, கம்பங்களுக்கிடையே நின்றவர் அவருடைய மகன் அல்லரே. அந்த இடத்தில் யார் நின்றாலும் அவர் பின்னால் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

நான் போகாத ஆட்டம்

இவ்வளவையும் கண்டுவிட்டு மும்பை திரும்பிய நான் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

மே 26-ஆம் நாள் நள்ளிரவில், ஐரோப்பியக் கழகங்களின் இறுதி ஆட்டத்துக்காக, ரியல் மாட்ரிடும் லிவர்பூலும் மோதியதைக் காண, கண் விழித்துக் காத்திருந்தேன். ஆறு நாள்கள் கழித்து, ஜூன் 1-ஆம் நாள், மும்பை அந்தேரி அரங்கில் இந்திய அணி சீன தைப்பேயை எதிர்த்து ஆடியது. நான் தங்கியிருந்த இடத்திலிருந்து மின்தொடர் வண்டியில் அரை மணி நேரப் பயணம். உடன் பணியாற்றிய ஒருவர் அழைத்தார். 'தரம் போதாது, போய் என்ன பயன்?' என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

இந்தியா 5-0 என வென்றது. அணித்தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். பார்த்தவர்கள் 2,569 பேர். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தில் 2,569 பேர்.

மறுநாள் சேத்ரி ஒரு காணொளியில் பேசினார். அதில் அவர் எவரையும் பழிக்கவில்லை. ஐரோப்பியக் கழகங்களைப் பின்பற்றுவோரின் தரத்துக்குத் தங்கள் ஆட்டம் எட்டாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். வந்து எங்களைத் திட்டுங்கள், குறை கூறுங்கள், ஆனால் அரங்குக்கு வந்து அதைச் செய்யுங்கள், நீங்கள் எங்களுக்குத் தேவை என்ற பொருள்பட வேண்டினார். நாட்டுக்காக மிகுதியான கோல்கள் அடித்த ஒருவர், பார்க்க வாருங்கள் என்று கைகூப்ப வேண்டியிருந்தது.

ஜூன் 4-ஆம் நாள் கென்யாவுக்கு எதிரான ஆட்டம். சேத்ரிக்கு அது நாட்டுக்காக ஆடும் நூறாவது ஆட்டம். சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. நானும் சென்றேன். மழை கொட்டியது, மைதானத்தில் நீர் தேங்கிப் பந்து உருள மறுத்தது, குடை பிடித்தால் பின்னிருப்பவருக்கு மறைக்கும் என்று எல்லாரும் நனைந்தபடியே நின்றோம். இந்தியா 3-0 என வென்றது. மகிழ்ச்சியோடு கூச்சலிட்டேன். ஆனால் திரும்பும் வண்டியில் என் மனச்சான்று உறுத்தியது. அழைத்த பின்னரே வந்தவன் நான். எங்கள் ஊர்க் கோலின் பின்னால் நின்ற அந்தத் தந்தையை எவரும் அழைக்கவில்லை.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. 'தரம் போதாது' என்று நான் சொன்னது ஆட்டத்தைப் பற்றிய கருத்தன்று. என்னைப் பற்றிய கருத்து. சிறந்ததை மட்டுமே காண்பவன் தானும் சிறந்தவன் என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருந்தது. வென்றவனின் சட்டையை அணிந்துகொண்டால் அவனுடைய வெற்றியில் ஒரு பங்கு, வியர்வை சிந்தாமலே நமக்குக் கிடைத்துவிடுகிறது. தோற்பவனின் அருகில் நின்றாலோ அவனுடைய வெட்கத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அதற்குத்தான் நான் அஞ்சினேன்.

சிறந்தவரா, அருகில் இருப்பவரா?

இக்கேள்வி பழைமையானது. நம்மைவிட்டுத் தொலைவில் இருக்கும் மேலானவரை மிகுதியாக நேசிப்பதா, மேன்மையில் குறைந்தாலும் நமக்கு நெருங்கியவரை மிகுதியாக நேசிப்பதா என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நேராகவே வினவுகிறார். அவர் தரும் விடை நுட்பமானது. மேலானவருக்கு அவர் மேன்மைக்கேற்ற பெரிய நன்மையை விரும்ப வேண்டும், அது நீதி. ஆனால் நேசத்தின் அழுத்தம் நெருங்கியவர்பால் மிகுந்திருப்பது முறையே. அவரை நாம் பல வழிகளில் நேசிக்கிறோம் என்பது அவர் கருத்து.

இதைப் பந்தாட்டத்தில் பொருத்திப் பார்த்தபொழுது என் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. கோப்பை தகுதியுள்ள அணிக்கே சேரட்டும். அர்ஜென்டினா சிறப்பாக ஆடினால் அதுவே வெல்ல வேண்டும் என்று விரும்புவது நேர்மை. ஆயின் என் மாலைப்பொழுது, என் குரல், நனையத் துணிந்த என் உடல் ஆகியவை யாருக்கு உரியவை என்பது வேறு கேள்வி. அவை என் அருகில் இருப்பவர்க்கு உரியவை. பரிசு தகுதியைப் பார்த்துத் தரப்பட வேண்டும்; உடனிருப்பு தேவையைப் பார்த்துத் தரப்பட வேண்டும்.

'ஆனால் நான் இங்கே பிறந்தது தற்செயல்தானே? தற்செயலுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?' என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். இதற்குப் புனித அகுஸ்தீனாரிடம் ஒரு விடை உண்டு. எல்லாரையும் சமமாக நேசிக்க வேண்டும். ஆயின் எல்லாருக்கும் உதவ நம்மால் இயலாது. எனவே இடத்தாலும் காலத்தாலும், சீட்டு விழுந்தாற்போல், நமக்கு அருகில் வந்து சேர்ந்தவர்களைக் கவனிப்பதே நம் கடமை என்கிறார் அவர். தற்செயல் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் தற்செயலே கடமையின் முகவரி என்கிறார். தாயையும் நாம் தேர்தல் வைத்துத் தெரிந்தெடுக்கவில்லை. நம் ஊரும் நாடும், அவற்றின் திறன் குறைந்த அணிகளும் நமக்கு விழுந்த சீட்டு.

சீட்டு விழுந்த அணியோடு வாழ்ந்து காட்டிய ஒருவரை நம் காலத்தில் கண்டோம். 1908-இல் புவனோஸ் ஐரஸ் நகரத் தெருவில் ஆடிய சிறுவர்கள் டிராம் வண்டியில் அடிபட்டுவிடுவார்களே என்று அஞ்சிய லொரென்சோ மாஸா என்ற குருவானவர், தம் சிற்றாலய வளாகத்திலேயே அவர்களை ஆடச் சொன்னார். அங்கே முளைத்ததே சான் லொரென்சோ கால்பந்துக் கழகம். அதன் அருகே வளர்ந்த சிறுவன் ஒருவன் 1946-இல் அக்கழகம் பட்டம் வென்றபொழுது தந்தையோடு சென்று ஆட்டங்களைக் கண்டான். பின்னாளில் அவரே திருத்தந்தை பிரான்சிஸ். அக்கழகம் தன் மைதானத்தை இழந்தது. 1981-இல் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அவர் அதை விட்டு நீங்கவில்லை. 1990-ஆம் ஆண்டு ஜூலையில் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று நேர்ச்சை செய்த பின், ஆட்டத்தைக் காணும் வாய்ப்பும் போயிற்று. வத்திக்கானில் சுவிஸ் காவலர் ஒருவர் வாரந்தோறும் முடிவுகளைத் தாளில் எழுதித் தம் மேசைமேல் வைப்பார் என்று அவரே கூறியிருக்கிறார். 2025 ஏப்ரலில் மறையும்வரை அவர் அக்கழகத்தின் உறுப்பினர். ஆட்டத்தைக் காணாமலே முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அணியோடு இருக்க முடியும் என்றால், அணியை நேசிப்பது என்பது ஆட்டத்தைச் சுவைப்பதினின்று வேறான ஒன்று என்பது விளங்குகிறது அன்றோ?

நேசத்தின் எல்லைகள்

இவ்வாறு கூறுவதால் கண்மூடித்தனமான பற்றை நான் போற்றுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 'நம்முடையது' என்ற சொல்லில் ஒரு நஞ்சும் கலந்திருக்கிறது. 1994 உலகக் கோப்பையில் கொலம்பிய வீரர் ஆந்திரேஸ் எஸ்கோபர் தவறுதலாகத் தம் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். நாடு திரும்பிய சில நாள்களில், ஜூலை 2-ஆம் நாள், மெதலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் அணியை உடைமையாகக் கருதும் வெறி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அவ்வீரரின் கல்லறை சான்று. அவ்வளவு தொலைவு போவானேன்? திருவிழாப் பந்தாட்டத்தில் தொடங்கி இரண்டு ஊர்கள் ஓராண்டுக் காலம் ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்ததை நம் கரையிலேயே கண்டிருக்கிறோம். என் ஊரை நேசிக்க அடுத்த ஊரை வெறுக்க வேண்டும் என்றால், அது நேசமன்று. வெறுப்புக்குப் போட்ட சட்டை.

இன்னொரு பக்கமும் உண்டு. உடனிருப்பவன் குறைகளை மூடி மறைப்பவனாக இருத்தல் கூடாது. 2022 ஆகஸ்டில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, உலகக் கால்பந்துச் சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. இரண்டு வாரங்களுக்குள் தடை நீங்கியது. ஆனால் ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகருக்கே போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா அணியின் பெண்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்ப நேர்ந்தது. நாற்காலிகளைப் பற்றிய வழக்கில், பந்தை உதைக்க வந்தவர்கள் தண்டனை பெற்றார்கள். கோவையைத் தன் இல்லமாகக் கொண்டு 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணி, சில ஆண்டுகளிலேயே அந்த லீக்கில் காணப்படாமற்போயிற்று. 2025 அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோம். அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றோம். நாட்டின் முதன்மை லீக்கோ அவ்வாண்டு குறித்த காலத்தில் தொடங்கவே இல்லை. இவற்றைக் கண்டு சினம் கொள்வது நேசத்துக்கு எதிரானதன்று. ஆயின் அந்தச் சினத்தைச் சொல்லும் உரிமை, வந்து அமர்ந்தவனுக்கே உண்டு. வராதவனுடைய சினம் வெறும் சாக்கு. 2018-இல் என்னிடம் இருந்தது அத்தகைய சாக்கே.

உடனிருக்க வேண்டிய இடங்களை நாம் சரியாகத் தெரிந்துகொள்கிறோமா என்பதும் எண்ணத்தக்கது. 2025 ஜூலை 5-ஆம் நாள் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே, சியாங்மாய் நகரில், 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் வென்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வென்றது. இதற்காக நம் கரையில் எத்தனை வெடிகள் வெடித்தன? நம்மவர் தோற்கிறார்கள் என்பதால் நாம் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். வெல்லும்பொழுதும் பார்ப்பதில்லையே! ஆகவே தோல்வி காரணமன்று. அருகில் இருப்பதைக் காணப் பழகாத நம் கண்களே காரணம்.

மறுமுனைக்கு

பணி ஓய்வு பெற்று நான் ஊருக்குத் திரும்பி ஆண்டுகள் சில ஆகின்றன. 2025-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் கோயில் மைதானத்தில் சிறுவர் அணிகளின் போட்டி நடந்தது. கேள்வி கேட்ட பேரனுக்கு இப்பொழுது பதினான்கு வயது. ஊர் அணியின் பின்வரிசையில் ஆடினான். அவன் முதுகில் அர்ஜென்டினாவின் பெயரில்லை. ஊரின் பெயர் இருந்தது.

நான் வழக்கமாக அமரும் திண்ணையை விட்டு எழுந்து, எங்கள் அணியின் கோலின் பின்புறம் சென்றேன். அங்கே அந்தத் தந்தை முன்பே நின்றுகொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. சற்றே விலகி எனக்கு இடம் விட்டார்.

இடைவேளைக்கு முன் இரண்டு கோல்கள் வாங்கினோம். இரண்டாவது கோலுக்குப் பேரன் செய்த பிழையே காரணம். அவன் தலை குனிந்தபடி பந்தை எடுக்க வலையருகே வந்தான்; நிமிர்ந்து பார்த்தான்; நாங்கள் இருவரும் நிற்பதைக் கண்டான். அவனிடம் சொல்ல வேண்டியது எதுவும் எனக்கு அப்பொழுது தோன்றவில்லை. கை தட்டினேன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாருங்க" என்றார். மைதானத்தின் ஓரமாக இருவரும் மறுமுனைக்கு நடந்தோம்.